முழங்கையின் பாரம்

கார்ச்சோஃபியின் வெளியிதழ்களைப் பிய்த்துப் பிய்த்து நிரோஜினியின் பெருவிரல்கள் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. தாமரை மொட்டுக்கு முள் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு மரக்கறி. பலெர்மோச் சந்தையில் இந்த மாதங்களில் எங்கே பார்த்தாலும் இதுதான் குவிந்து கிடக்கும், ஒரு கடகம் உரித்தால் ஒரு சிரட்டைக் கறி தேறாது, முதன்முதலில் இதைத் தின்னலாம் என்று கண்டவன் சரியான பசியில் இருந்திருக்க வேண்டும். இதழ், இதழ், இன்னும் இதழ், பிறகு நடுவில் ஒரு பஞ்சு, பஞ்சை வழித்தெறிந்தால் அடியில் வெளிறிய ஒரு குட்டிக் கிண்ணம், அதை அந்தக் கணமே தேசிக்காய்த் தண்ணிக்குள் போடாவிட்டால் கண் முன்னாலேயே கறுக்கத் தொடங்கும். குசினிக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. அதற்கு அங்கால் ஹோலுக்குள், ரோமாபுரிப் பாராளுமன்றத்தில் இருந்து பிறகு பாரிசவாதம் விழுந்த செனத்தோர் தன் சில்லுக் கதிரையில் இருக்கிறார், அவருடைய மகள் சிஞ்ஞோரா ஃபியாம்மா குதிச் செருப்போடு யன்னலுக்கும் வாசலுக்குமாய் நடக்கிறார், டக் டக் டக், கஸ்பாரே என்கிற கிழவருக்காகக் காத்துக்கொண்டு. கஸ்பாரே வந்தவுடன் இவளைக் கூப்பிடுவார்கள். காலையிலேயே சொல்லியாயிற்று. “நீனா, செவ்வாய்க்கிழமை நீதானே அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாய். கை எப்படி எழும்பினதென்று கஸ்பாரேக்குச் சொல்ல வேணும். பூனைக்குட்டி மாதிரி மூலைக்குள் ஒதுங்காதே, வாயைத் திறந்து சொல்.” நீனா என்றது இவளைத்தான். நிரோஜினி என்று சொல்ல இந்த வீட்டில் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை, வேலைக்கு வந்த முதல் நாளே சிஞ்ஞோரா வேண்டாததைப் பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார். கை எப்படி எழும்பினது. ஒரு கேள்விதான். யாரும் கேட்க முதலே மூன்று நாளாய் அதற்கான மறுமொழியை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள், முதலில் தமிழில், பிறகு தனக்குத் தெரிந்த இத்தாலியனில், இத்தாலியனுக்கு மாற்றும்போது பாதி சிந்திவிடுகிறது, குசினி என்ற சொல் மாத்திரம் இங்கேயும் கிட்டத்தட்டக் குசினிதான், மற்றதெல்லாம் கல்லும் முள்ளும்.

செவ்வாய்க்கிழமை காலமை நல்ல வெயில். அவரைப் பல்கனிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. “என் அப்பா மேடையில் நின்ற மனுசன், அவரை இந்தக் கதிரையில் ஊர் பார்க்கப்படாது.” ஆனால் வெயில் யன்னலுக்கு வந்தால் அவருடைய முகம் தொட்டியில் நட்ட செடியைப்போலத் தானாய் அந்தப் பக்கம் சாயும், அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறது, சிஞ்ஞோரா கந்தோருக்குப் போனதும் இவள் கதவைத் திறந்து கதிரையை மெல்ல வெளியே தள்ளுவாள். பொய் என்ன, அது அவருக்காக மட்டும் இல்லை. அந்த நேரம்தான் புருசன் பிரதீபன் பிள்ளையைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு கீழே அந்தத் தெருவால் போவான். மகள் ஆரணிக்கு நாலு வயது. ஒருநாள் பள்ளிக்கூடம் பூட்டென்று பிள்ளையை இங்கே கொண்டுவந்து குசினிக்குள் இருத்த, அது எப்படியோ நழுவிப்போய்க் கிழவரின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அவர் முகத்துக்குள் முகம் வைத்துப் பார்த்திருக்கிறது, கோணின வாயைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை, “நோன்னோ, உனக்குப் பல் நோகுதா?” என்று கேட்டிருக்கிறது. தாத்தா என்று கூப்பிட ஊரில் இருந்த இரண்டு பேரையும் அது படத்தில்தான் பார்த்தது, கிடைத்த கிழவரைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சிஞ்ஞோரா சத்தம் போடவில்லை, மெல்லத்தான் சொன்னார், “இது பாலர் பள்ளி இல்லை நீனா.” அதற்குப் பிறகு பிள்ளை கீழேதான். புகையிலைக் கடை வாசலில் நின்று நிமிர்ந்து, இரண்டு கையையும் விசுக்கி, “ச்சாவ் நோன்னோ!” பிரதீபன் இழுக்க இழுக்க அது நிற்கும். மேலே இருந்து ஒரு அசைவும் வராது, மாதக்கணக்காய் வரவில்லை, பிள்ளைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. செவ்வாய்க்கிழமை கைப்பயிற்சியை முடித்துவிட்டு இவள் கீழே குந்தி அவருடைய முழங்காலில் கம்பளியைச் செருகிக்கொண்டிருந்தாள். பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் சொன்னது அதுதான், ஒரு கையால் முழங்கையைத் தாங்கு, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடி, நேரே முன்னுக்கு, தோள் மட்டத்துக்கு, பிறகு இறக்கு, கைக்குத் தன் பாதை மறந்துபோச்சு, நீதான் ஞாபகப்படுத்த வேணும். ஞாபகப்படுத்தி முடித்தாயிற்று, விட்டுவிட்டாள், கம்பளியைச் செருகினாள், “ச்சாவ் நோன்னோ” கேட்டது, தலைக்கு மேலே ஒரு நிழல் போனது. நிமிர்ந்தால் அந்தக் கை. தானாய். நேராய் முன்னுக்கு நீண்டு, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் ஒட்டினபடி, ஏனென்றால் விரல்களில் இன்னும் உயிர் வரவில்லை, அவற்றைப் பிரிக்கவோ ஆட்டவோ அவரால் ஏலாது, கை முழுக்க நடுங்கிக்கொண்டு காற்றில் நின்றது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம், பிள்ளை முதல் அடி வைத்த நாளில் வந்ததுபோல. அதே நேரம்தான், சரியாய் அதே நேரம்தான், தேர்தல் வாகனம் ஒன்று ஒலிபெருக்கியில் அவருடைய கட்சிப் பாட்டைப் போட்டுக்கொண்டு மூலையைத் திரும்பினது. அதுதான் சிக்கல். பாட்டு முதலா, பிள்ளையின் குரல் முதலா. எதிர்ப்பக்கம் யாரோ கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் அந்தப் படம். அதில் இவள் இல்லை, பல்கனிச் சுவர் மறைத்துவிட்டது, ஆரணியும் இல்லை. கிழவர் ஒருவர், நீட்டின கை, பின்னால் வெயில். அப்படி நீட்டின கை முசோலினியின் பாசிசக்காரர் போட்ட சலூட் என்பது இத்தாலியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இவளுடைய சின்னப் பிள்ளையைத் தவிர.

கையைத்தான் அவர் வாழ்க்கை முழுக்கச் சுமந்திருக்கிறார் என்று நினைத்தாள், இதழ் ஒன்று கிழிந்து வர. நடையில் மாட்டியிருக்கிற படங்களை நாளாந்தம் தூசு தட்டுவதால் செனத்தோர் அத்தீலியோ ஸ்பதாரோவின் கதை அவளுக்கு வரிசையாய்த் தெரியும். கோட்டுப் போட்ட அத்தீலியோ, நகரசபையில் அத்தீலியோ, ரோமாபுரியில் பெரிய பெரிய தூண்களுக்கு முன்னால் அத்தீலியோ, பாப்பரசருக்கு முன்னால் முழந்தாளில் அத்தீலியோ, துணை மந்திரியாய் நாடா வெட்டுகிற அத்தீலியோ. சுவரில் அவர் ஐம்பது வயதில்தான் பிறக்கிறார். அதற்கு முந்தினது அலுமாரிக்குள் கழுத்துப்பட்டிகளுக்குப் பின்னால் நிற்கிறது, சிஞ்ஞோராவே ஒருநாள் கோப்பியைக் குடித்துக்கொண்டு எடுத்துக் காட்டினார், ஒட்ட வெட்டின தலைமயிரோடு எலும்பும் தோலுமாய் ஒரு இளந்தாரி, பக்கத்தில் இன்னொருவன், இரண்டு பேரும் கையை நீட்டியபடி, இரண்டு பேரும் சிரித்தபடி. “மற்றது கஸ்பாரே. கலியாணம் கட்டாத புருசன் பெண்சாதி மாதிரி இருந்ததுகள்.” அத்தீலியோவின் தகப்பன் ஆபிரிக்காவில் முசோலினியின் சண்டைக்குப் போய்த் திரும்பாத மனுசன். தாய் பாசிசக்காரர் உடுத்துகிற ஒரு கறுத்தச் சட்டையைத்தான் தகப்பன் என்று காட்டி வளர்த்தாளாம். பதினாறு வயதில் அத்தீலியோவும் கஸ்பாரேயும் மாக்கூழ் காய்ச்சி, முசோலினியின் வழிவந்த கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள், சந்திக்குச் சந்தி சிவப்புக் கட்சிக்காரரோடு அடிபட்டார்கள், அத்தீலியோவின் மண்டைக்கு வந்த கல்லைக் கஸ்பாரே தன் வாயில் வாங்கி முன்பல் மூன்றைக் கொடுத்தார். அத்தீலியோவுக்கு மகள் பிறக்க, கட்சிச் சின்னம் தீச்சுவாலை என்றபடியால் பிள்ளைக்கும் சுவாலை என்றே பேர் வைத்தார், ஃபியாம்மா. “பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இருக்கமாட்டாள், தெரியுமா? பேரைச் சொன்னவுடன் எழும்பிப் போய்விடுவாளவை.” அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கோப்பிக் கோப்பையை வைத்த கை கொஞ்சம் பலமாய் வைத்தது. இவளுக்கு அப்போது சிஞ்ஞோராவில் ஒரு பிரியம் வந்தது, போராட்டக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வன்னியில் வைத்த பேர்கள் ஞாபகம் வந்தன, வெளிநாட்டுக்கு வந்து அந்தப் பேர்களைச் சுருக்கிக்கொண்டு திரிகிறவர்களை அவளுக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் கட்சி பேரை மாற்றியது, பழசெல்லாம் முடிந்தது என்றது, எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டினார்கள், அத்தீலியோ மேடையேறி, நான் கை நீட்டியதாய் எனக்கு ஞாபகம் இல்லை என்றார். சனம் நிறைந்த மண்டபத்தில் கஸ்பாரே எழும்பி, தான் இருந்த கதிரையைத் தூக்கி மேடைக்கு முதுகு காட்டத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்தான். முப்பது வருசம், ஒரே ஊர், ஒரே கோவில், ஒரு சொல் இல்லை. இந்த மனுசனோ ரோமாபுரிக்குப் போய்ப் பெரிய ஆளானார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரதீபன் எங்கேயோ ஒரு பேச்சைக் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு வந்து போட்டுக் காட்டினான், “இஞ்சரும், உம்மட செனத்தோர், வந்து குடியேறினவன் ஒவ்வொருத்தன்ர பத்து விரலும் அரசாங்கத்திட்ட இருக்க வேணுமெண்டு கத்திறார் பாரும்.” திரையில் அவர் மேசையைத் தட்டினார், அந்தக் கை அப்போது நன்றாய் வேலை செய்தது. “உம்மட பத்து விரலையும் கேட்டவர், இப்ப அந்தப் பத்து விரலாலதான் குண்டி கழுவப்படுறார்” என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்திருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் கண்ணாடித் தட்டில் தன் விரல்களை ஒவ்வொன்றாய் வைத்து அழுத்தின அந்த நாளை நினைத்தாள், அங்கே நின்றவன் தேய்ந்துபோன ரேகையைப் பார்த்து, இன்னொருக்கா, இன்னொருக்கா என்றான், சவுக்காரத்திலும் வெளுக்கிற தண்ணியிலும் கரைந்த ரேகை எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும். சிரிப்பு வரவில்லை. அவரைக் கழுவுகிறபோது அவர் கண்ணை மூடிக்கொள்வார், வெட்கத்தில், அதைப் பிரதீபன் பார்த்ததில்லை.

அவருக்கும் அந்தப் படத்தைக் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிஞ்ஞோரா மூச்சிரைக்க ஓடிவந்து, தொலைபேசியில் ஆளாளுக்கு, “வருத்தம், வெறும் நரம்பு இழுப்பு, டொக்டர் சொல்லுவார்” என்று மன்றாடினார், அடுத்த மாதம் நகரசபைத் தேர்தல், சிஞ்ஞோராவே நிற்கிறார், இந்த நேரத்தில் இப்படி ஒரு படம். ஆனால் பொழுதுபடத் தொலைபேசியின் குரல்கள் மாறின. அழுகிற பழைய கட்சிக் கிழவர்கள். காணாமற்போன மகன் திரும்பி வந்ததுபோல அழுகிறார்கள், அத்தீலியோ திரும்பி வந்துவிட்டான் என்கிறார்கள். புதன்கிழமை சிஞ்ஞோரா நரம்பு இழுப்பைப் பற்றிக் கதைக்கவில்லை, தலைமயிரைச் செப்பனிட்டுக்கொண்டு வந்தார், படத்தை அவருடைய முகத்துக்கு முன்னால் பிடித்து, “பாருங்கள் அப்பா, எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்” என்றார். அவர் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. “பெருமையில் அழுகிறார்” என்றார் சிஞ்ஞோரா. இருக்கலாம். வருத்தம் வந்ததிலிருந்து அவருக்குக் கண்ணீர் எதற்கும் வரும், காலநிலை அறிக்கைக்கும் வரும், கண்ணீரை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. கையை வைத்துச் சொல்லலாம். வியாழக்கிழமை காலமை பயிற்சிக்கு அவள் முழங்கையில் கை கொடுத்தபோது அது வரவில்லை. முந்தியெல்லாம் அது சாமான் போட்ட பைபோல, உயிர் இல்லாத ஆனால் முரண்டு பிடிக்காத ஒரு பாரம். இப்போது அது கீழே இழுத்தது. பார்த்தால் அவர் தன் நல்ல கையால், இடது கையால், வலது மணிக்கட்டை மடியோடு அமத்திப் பிடித்திருக்கிறார், விரல் முட்டிகள் வெளிறிப்போகும் அளவுக்கு. “என்ன, நோகுதா?” என்று தமிழில் கேட்டாள், இரண்டு பேரும் தனிய இருக்கும்போது அவள் தமிழில்தான் கதைப்பாள், அவருக்கு எந்தப் பாஷையும் இனி வாயில் வராது, அவளுக்கு இந்தப் பாஷை வராது, நாள் முழுக்க இந்தப் பெரிய வீட்டுக்குள் வாய் இல்லாத இரண்டு பேர். அவர் பல்கனிக் கதவைத்தான் பார்த்தார், பிறகு அவளை. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் சத்தியம் பண்ண ஏலாது, ஆனால் இந்த மூன்று வருசத்தில் அந்த வீட்டில் அவளை ஒருவர் நேரே பார்த்தது அது ஒன்றுதான், இல்லை, ஆரணி வந்த அன்றைக்கும் அவர் பார்த்தார், பிள்ளையின் முகத்துக்கும் தாயின் முகத்துக்குமாய், மாறி மாறி. யாரிடம் சொல்லுவது. பிரதீபனிடம் சொன்னால், “விசரே உமக்கு, அவர் தன்ர கட்சிப் பாட்டுக்குக் கை தூக்கினவர், நீர் பிள்ளைக்கெண்டு நினைச்சுக் கனவு காணும், அங்கால எங்கட பிள்ளையின்ர பேரை மட்டும் எடுத்துப்போடாதையும்” என்று முடித்துவிட்டான். அம்மாவிடம் சொல்ல அம்மாவுக்குப் பலெர்மோ என்றால் என்ன, செனத்தோர் என்றால் என்ன. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு ஏறி ரொசாலியா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிற நம் சனத்திடம் சொன்னால், கறுத்த பிள்ளைக்குக் கிழவன் டாட்டா காட்டினானாம் என்று பலெர்மோ முழுக்க ஓடித்திரிந்துவிட்டு வரும். ஆக, நடந்ததைத் தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவருக்குக் கதைக்க ஏலாது. மற்றவளுக்கும்தான்.

கதைக்க ஏலாமல் பிறந்தவள் இல்லை அவள். பதின்மூன்று வயதுவரைக்கும் வாய்க்காரி என்றுதான் பேர், ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே வந்து, பிறகு மரமும் இல்லாமல் போனபோதும் கதைத்துக்கொண்டுதான் இருந்தாள். சண்டையின் கடைசியில் வட்டுவாகல் பாலத்தால் ஆமியிடம் கையைத் தூக்கிக்கொண்டு நடந்த சனத்துக்குள் அவளும் கையைத் தூக்கிக்கொண்டு, அந்த வெயிலுக்குள்ளும், “அம்மா, கை நோகுது, இறக்கட்டே” என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள். வெட்டைக்குள் வரிசையில் இருத்தினார்கள். இயக்கக்காரரைக் காட்டிக்கொடுக்க ஒரு வாகனத்துக்குள் ஒருத்தன், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருத்தராய் அவனுக்கு முன்னால் போக வேண்டும். அந்தத் தலை ஆடினால் ஆள் ஒரு பக்கம், ஆடாவிட்டால் மற்றப் பக்கம். அண்ணா அவளுக்கு முன்னால் நின்றான். அவள் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசைந்தது. அசைந்ததுதான், ஆனால் ஆட்டினதா, இருமினதா, அந்த வெக்கைக்குச் சாக்குக்குள் மூச்சு முட்டித் தலையை உதறினானா, இலையான் புகுந்ததா, அவளுக்கு இருமின மாதிரிக் கேட்டது, சத்தியமாய் இருமின மாதிரித்தான் கேட்டது, ஆனால் அண்ணாவைத் தோளில் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். “அம்மா, அது இருமினது” என்றாள். அம்மா அவளுடைய வாயைத் தன் கையால் பொத்தினாள். “கண்டதைக் கண்டனெண்டு சொல்லாதை பிள்ளை, உன்னையும் கொண்டுபோடுவாங்கள்.” அந்தக் கை அன்றைக்கு அவளுடைய வாயை விட்டு எழும்பவேயில்லை. பிறகு வந்த ஊரிலெல்லாம் சனம் அதற்கு வெட்கம் என்று பேர் வைத்தது, நல்ல அடக்கமான பெட்டை என்று கலியாணமும் பேசி முடித்தது. அம்மா இன்றைக்கும் அண்ணாவின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு காணாமற்போனவர்களின் தாய்மாரோடு தெருவோரத்தில் குந்தியிருக்கிறாள். ஒருத்தன் தலையை என்ன செய்தான் என்று யாரோ முடிவு கட்டினார்கள், அவ்வளவுதான். கிழவர் கையை என்ன செய்தார் என்று இப்போது இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவரை எந்தப் பக்கத்தில் நிற்பாட்டினால் அவளுக்கு என்ன, அவர் பண்ணின பாவத்துக்கு நிற்கட்டுமே என்று ஒரு மனம் சொல்கிறது, அந்தப் பேச்சுப் பேசின வாய், மேசையைத் தட்டின கை, அவர் எத்தனை பேரை எந்தெந்தப் பக்கம் நிற்பாட்டினாரோ. இன்னொரு மனம், ஆனால் அது இருமினது, அம்மா, அது இருமினது என்கிறது. பிள்ளைக்குத்தான் தூக்கினார் என்று அடித்துச் சொல்ல அவளுக்குத் துணிவு இல்லை. பாட்டும் கேட்டது. ஆனால் பாட்டு மறுபடியும் மறுபடியும் அந்தத் தெருவால் போகிறது, வியாழக்கிழமை மூன்று தரம் போனது, கை அசையவில்லை, இடது கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் சொல்லலாம். கண்டதை மட்டும். பிள்ளை கூப்பிட்டது, கை எழும்பினது, பாட்டும் கேட்டது, படத்தைக் காட்டினதற்குப் பிறகு அவர் கையை எழும்ப விடுகிறார் இல்லை. சொன்னால், படத்தின் அமளியில் இவ்வளவு நாளும் கேட்க மறந்ததைக் கேட்பார்கள், நீ ஏன் அவரைப் பல்கனிக்குக் கொண்டுபோனாய் என்பார்கள், பிள்ளை ஏன் அங்கே நின்றது என்பார்கள், வேலை போகும். போகட்டும் என்று சொல்லிவிடலாமா, வாடகை, பாலர் பள்ளி, அது வேறு கதை, இப்போது அதை யோசிக்கப்படாது, யோசித்தால் வாயில் மறுபடியும் அந்தக் கை வந்து மூடும்.

அழைப்பு மணி அடித்தது. தடியின் சத்தம், செருப்பின் சத்தம், அவள் கத்தியை நிற்பாட்டிவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒரு கிழட்டுக் குரல், “அடேய் கள்ளா” என்றது. “முப்பது வருசமாய்க் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு என்னை ஏமாத்தினாயேடா. இப்படிச் சுருங்கிப்போனாய். எனக்காவது கட்டுப்பல், உனக்கு அதுவும் இல்லை.” பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறார். பாவம், அது நடிப்பு இல்லை, முப்பது வருசத்தை ஒருவர் அழுதால் அப்படித்தான் இருக்கும், அந்தச் சந்தோசத்துக்குள் போய் நின்றுகொண்டு, இல்லை ஐயா, அது உங்களுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்லுவது. இதழைப் பிய்த்தாள். பஞ்சைச் சுரண்டினாள். இதோ இப்போது கூப்பிடுவார்கள், கை எப்படி எழும்பினது, கண்டதை மட்டும், பிள்ளை, பாட்டு, மணிக்கட்டு. “பெடியள் கீழே கூடுறாங்கள், ஃபியாம்மா” என்றார் கஸ்பாரே, குரல் தெளிந்துவிட்டது. “நான்தான் வரச் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு நிறைஞ்சிடும். பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கள், இவன் பல்கனிக்கு வந்து ஒரு தரம் கையைக் காட்டினால் போதும்.” “இப்பவா? கஸ்பாரே, பத்திரிகைக்காரர் என்னைக் கொன்றுபோடுவார்கள்.” “பத்திரிகைக்காரரா உனக்கு வோட்டுப் போடப்போகிறான்?” செருப்பு நடந்தது, நின்றது. “கை தானாய் எழும்பாது. அன்றைக்கு எழும்பினது, பிறகு எழும்பவில்லை.” “அந்தக் கறுத்தப் பெட்டை இருக்குதே? தினமும் தூக்கிறவள் அவள்தானே. திரைச்சீலைக்குப் பின்னால் குந்தட்டும், முழங்கைக்குக் கீழே கையைக் கொடுக்கட்டும், கீழே நிற்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது. ஒரு நிமிசம். அவளுக்கு ஏதும் கொடுத்துவிடு.” சிஞ்ஞோராவின் செருப்பு யன்னலடிக்குப் போனது. மாட்டேன் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் ஒருத்தியும் இருக்காத பிள்ளை, இன்றைக்குத் தெரு நிறையச் சனம் அவருடைய தகப்பனின் பேரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறது, அவரால் எப்படி வேண்டாம் என்று சொல்ல ஏலும். நிரோஜினியின் கையில் இருந்த கிண்ணம் தண்ணிக்குள் போகாமலே கறுக்கத் தொடங்கியிருந்தது. அப்போ கேட்கப்போவதில்லை. மூன்று நாளாய் வயிற்றுக்குள் வைத்திருந்த மறுமொழிக்கு இங்கே கேள்வியே இல்லை. என்ன நடந்தது என்பது அவர்களுக்கு வேண்டாம், இன்னொருக்கா நடக்க வேண்டும், அவ்வளவுதான், அவளுடைய கையால். பாலர் பள்ளி விடுகிற நேரம் இது. பிரதீபன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவால்தான் வருவான், இத்தனை பேரையும் கண்டு திருவிழா என்று நினைத்துப் பிள்ளை துள்ளும், மேலே நோன்னோ, நோன்னோவின் கை எழும்புகிறது, பிள்ளை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ச்சாவ் என்று கத்தும், சுற்றி நிற்கிறவன் எல்லாரும் திரும்பிப் பார்ப்பான், திரைச்சீலைக்குப் பின்னால் குந்திக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்திருப்பது பிள்ளையின் தாய். அதற்கு முதலில் அவருடைய இடது கையை விலக்க வேண்டும். ஒவ்வொரு விரலாய் மணிக்கட்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மேசைக்கு முன்னால் முழங்கிக்கொண்டிருந்த மனுசன், ஊரெல்லாம் கேட்கப் பேசின மனுசன், இப்போது அவரிடம் மிச்சம் இருக்கிற பேச்சு அந்த ஐந்து விரல்தான், அது வேண்டாம் என்கிறது, முழங்கையில் கை வைத்த ஆளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வேண்டாம் என்கிறது, அதை அவள் இனிக் கேட்கவில்லை என்று சொல்ல ஏலாது. கண்டதைக் கண்டனெண்டு சொல்லாதை பிள்ளை. அம்மா, இது காணுறது இல்லை, இது கையில படுகிறது. உள்ளே போனவுடன் அவர்கள் முகத்தைப் பார்க்கப்படாது, பார்த்தால் வாய் வராது, அவரை மட்டும் பார்க்க வேண்டும், நேரே போய் அந்த இடது கைக்கு மேலே தன் கையையும் வைத்து, இரண்டு பேருமாய் அந்த வலது கையை அமத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய கதை ஒன்றும் வேண்டாம், பிள்ளையையும் இழுக்க வேண்டாம், ஒரே ஒரு சொல், இத்தாலியனில் அது தமிழைவிடச் சின்னது, பால்குடிப் பிள்ளையும் சொல்லும், நோ, அவ்வளவுதான், நோ சிஞ்ஞோரா, மூன்று வருசத்தில் இந்த வீட்டில் ஒருநாளும் சொல்லாதது, சொல்லிவிட்டு அப்படியே நின்றால் அவர்கள் என்ன

“நீனா! கெதியாய் இங்கே வா, அப்பாவை வெளியே கொண்டுபோக வேணும்!”

“வாறன்” என்றாள், கத்தியை வைத்தாள், ஈரக் கையைத் துடைக்க மறந்து நடந்தாள், தெருவில் யாரோ ஸ்பதாரோ ஸ்பதாரோ என்று கத்தத் தொடங்கினார்கள், கஸ்பாரே திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு இடம் காட்டினார், சில்லுக் கதிரையில் இருந்தவர் மணிக்கட்டை விடாமல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார், அவள் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து, அந்த இடது கைக்கு மேலே தன் கையை வைத்து அமத்திப் பிடித்து, வாயைத் திறந்து